துணிக்கு எந்தப் பசை? கில்ட் தைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பருத்திப் புடவைகளையும், வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் சேர்த்துக் கில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்த துண்டுத் துணிப் போர்வை, தைக்கத் தொடங்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் பசையைத் தேடி வருவார்கள். குண்டூசி கையைக் குத்தும். தரையில் குனிந்து நூலோட்டம் போட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் தைக்கத் தைக்க ஒவ்வொரு பக்கமாக நகர்ந்து, திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். பசை இருந்தால் தேவலை என்று கடைக்குப் போனால், அங்கே பத்து வகைப் பசைகள் இருக்கின்றன. எது துணிக்கு, எது மரத்துக்கு, எது காகிதத்துக்கு என்று சொல்ல ஆளில்லை. "நன்றாக ஒட்ட வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, இருப்பதிலேயே வலுவான பசையை எடுத்து நீட்டுவார்கள்.

துணி வேலையில் பசையின் வலிமை இரண்டாம் பட்சம்தான். நீங்கள் ஒட்டும் துணி நாளைக்குத் தண்ணீரில் ஊறும், வெயிலில் காயும், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போகும், அதற்கு முன்பே ஊசி அதைத் துளைக்கும். இந்த நான்கையும் பசை எப்படித் தாங்கும் என்பதை வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லித்தர ஆளில்லாமல், துண்டுத் துணிகளில் ஒட்டியும் துவைத்தும் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. பசை தங்க வேண்டுமா, போக வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

கடைக்குப் புறப்படும் முன்பே இந்த முடிவை எடுத்துவிடுங்கள். தையல் விழும் வரை துணி நகராமல் இருந்தால் போதும், முதல் துவைப்பில் பசை கரைந்து போய்விடலாம் என்றால் அது தற்காலிகப் பசை. கில்ட் அடுக்குகள், ஜிப், பாக்கெட், ஓரப்பட்டி, கட்டம் பொருத்துதல் எல்லாம் இந்த வகைதான். தையலே விழாத இடத்தில் பசை மட்டும் நின்று தாங்க வேண்டும் என்றால் அது நிரந்தரப் பசை. பிளவுஸில் ஒட்டும் கல், பையில் ஒட்டும் அலங்காரப் பூ போன்றவை இதில் வரும்.

என் அனுபவத்தில் தையல் வேலையில் பெரும்பங்குக்குத் தற்காலிகப் பசையே போதும். தைக்கப்போகும் இடத்தில் நிரந்தரப் பசையைத் தடவினால் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்து நிற்கும், ஊசி திணறும், பின்னால் பிரித்துத் தைக்கவும் முடியாது. சந்தேகம் வந்தால் தற்காலிகப் பசையின் பக்கமே சாயுங்கள்.

2. துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பருத்தியில் பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் புதுத் துணியில் ஆலையில் போட்ட கஞ்சியும் மெருகும் இருக்கும். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை அந்தத் தண்ணீரில் சேர்க்காதீர்கள். அது இழைமேல் ஒரு படலம்போல் படிந்து பசையைப் பிடிக்க விடாது. அலசும்போதே துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிடும், சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும். சாயம் போகும் கலம்காரியோ சுங்குடியோ என்றால் தண்ணீர் கலந்த எந்தப் பசையும் அதைச் சுற்றி ஒரு வளையத்தை விட்டுவிடும். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துத் தைப்பதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

பட்டுத் துணியில் பசையே வேண்டாம் என்பேன். தண்ணீர் பட்ட இடம்கூடப் பட்டில் தனியாகத் தெரியும். பசை மறுபக்கம் ஊறி வந்துவிட்டால் மீட்க வழியில்லை. பட்டுப் புடவைத் துண்டுகளைக் கில்ட்டில் சேர்க்க ஆசைப்பட்டால் மெல்லிய ஊசியால் நூலோட்டம் போடுங்கள்.

பாலியஸ்டர், நைலான் துணிகளில் தண்ணீர்ப் பசை பிடிப்பதற்கு நேரமாகும். சூடு அதிகமானால் துணியே உருகும். திருப்பூர் கட்பீஸ் கடைகளில் கிடைக்கும் பனியன் துணி இழுபடும். அதில் காய்ந்து கெட்டியாகும் பசை வெடித்து வந்துவிடும் என்பதால், காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பசையாகப் பார்க்க வேண்டும். ரெக்சினிலும் தோலிலும் குண்டூசி குத்தினால் ஓட்டை மறையாது. அங்கே பசைக் குச்சியையோ கவ்வும் கிளிப்பையோ பயன்படுத்துங்கள்.

3. எந்தப் பசை எந்த வேலைக்கு

பசைக் குச்சி. பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டப் பயன்படுத்தும் அதே குச்சிதான், தற்காலிக வேலைக்கு அருமையானது. தண்ணீரில் கரையும், விலை குறைவு, பக்கத்துத் தெருக் கடையிலேயே கிடைக்கும். நிறமில்லாத வகையை வாங்குங்கள். ஊதா நிறத்தில் பூசி, காய்ந்ததும் நிறம் மறையும் குச்சிகள் உண்டு; வெளிர் துணியில் அவற்றைச் சோதிக்காமல் தொடாதீர்கள். துணிக்கென்றே பேனா வடிவில் ஒல்லியான குச்சிகள் வருகின்றன. ஜப்பானின் சோலைன் (Sewline) பேனா இதில் பெயர் பெற்றது. தையலுக்கு விடும் கால் அங்குல ஓரத்துக்குள் கோடு போட அந்த ஒல்லி முனை வசதியாக இருக்கும். கோடைக்காலத்தில் குச்சி இளகிக் குழையும். மூடியை இறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கோடு சீராக விழும்.

துவைத்தால் போகும் பள்ளிப் பசை. பாட்டிலில் வரும் வெள்ளைத் திரவம். அமெரிக்காவில் கில்ட் தைப்பவர்கள் எல்மர்ஸ் பள்ளிப் பசையைப் பல காலமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரிலும் துவைத்தால் போகும் என்று அச்சிட்ட பள்ளிப் பசைகள் உண்டு. இதையும் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மரத்துக்கான பசை துணி இழைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் அந்த இடம் விறைப்பாகவே இருக்கும்.

துணிப் பசை. கைவினைப் பொருள் கடைகளில் ஃபெவிக்ரில் போன்ற பெயர்களில் கிடைப்பது. காய்ந்தால் ஓரளவு வளைந்து கொடுக்கும். லேஸ், கண்ணாடி, குந்தன் கல், சமிக்கி ஒட்டுவதற்கானது. இது தங்கும் பசை. கில்ட் அடுக்குக்குள் ஊற்றாதீர்கள்.

தெளிப்புப் பசை. பெரிய போர்வைக்கு இதைவிட வேகமான வழி இல்லை. பிரான்சிலிருந்து வரும் ஓடிஃப் 505 போன்ற தற்காலிக வகையாக இருக்க வேண்டும்; சோபா ஃபோம் ஒட்டும் தெளிப்பானைக் கொண்டுவந்து துணியில் அடிக்காதீர்கள். இவை எரியும் வாயுவை உந்துவிசையாகக் கொண்டவை. சமையல் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியாத அறையில், ஜன்னல்களைத் திறந்துவைத்துத் தெளியுங்கள். குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

இஸ்திரிப் பசை. சூட்டில் உருகி இரண்டு துணியைச் சேர்க்கும் வலைப் படலம். இதற்குத் தனியாகவே விளக்கம் வேண்டும். ஏழாம் படியில் சொல்கிறேன்.

கரைப்பான் வாசனை வரும் கெட்டிப் பசைகள். பி-7000, இ6000 வகை. கல்லும் உலோகமும் துணியில் நிற்க இவை உதவும். காற்றோட்டம் கட்டாயம். அசிட்டோன் கலந்த பசை அசிடேட் துணியையே கரைத்துவிடும் என்பதால் பளபளக்கும் லைனிங் துணிகளில் முதலில் ஓரத்தில் தொட்டுப் பாருங்கள்.

குளூ கன். விழா அலங்காரத்துக்கும் பூத்தோரணத்துக்கும் சரி. சூட்டில் உருகி ஒட்டியது சூட்டிலேயே இளகும். இஸ்திரி போடும் எதிலும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கும் பையிலும் இதை நம்ப முடியாது.

உடனே ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை, அதாவது ஃபெவிகுவிக் வகை: பருத்தித் துணியில் இதை விடவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் இது வேகமாக வினைபுரிந்து கடும் சூட்டைக் கிளப்பும். புகை வரும், அதிகமாகக் கொட்டினால் தோலில் தீக்காயமே படும். மடியில் துணியை வைத்துக்கொண்டு அறுந்த பட்டனை இதால் ஒட்ட முயல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டனுக்கு ஊசியும் நூலும் போதும்.

மைதாப் பசையும் கஞ்சியும். குறுக்கு வாட்டத்தில் வெட்டிய துண்டுகள் இழுபடாமல் இருக்க, சாதம் வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துத் துணிக்குப் போட்டு இஸ்திரி போடலாம். வெட்டுவது துல்லியமாக வரும், துவைத்தால் போய்விடும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கப்போகும் அரைகுறை வேலைக்கு மட்டும் இவை வேண்டாம். ராமபாணப் பூச்சியும் கரப்பானும் மாவுப் பசையைத் தேடி வரும், பசையோடு துணியையும் சேர்த்து அரிக்கும்.

4. லேபிளை முழுதாகப் படியுங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பின்பக்க லேபிளின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். படம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

முதலில், துவைப்பது பற்றிய வாசகம். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'வாஷபிள்' என்று பள்ளிப் பசையில் போட்டிருந்தால் துவைத்தால் பசை போய்விடும் என்று பொருள். அதே வார்த்தை துணிப் பசையில் இருந்தால் துவைத்தாலும் பசை போகாது என்று பொருள். ஒரே வார்த்தை, இரண்டு பாட்டிலில் நேர்எதிர் வேலை. பசை எதற்கானது என்ற வரியையும் சேர்த்துப் படித்தால்தான் எது என்று விளங்கும்.

அடுத்து, தையல் போடலாமா என்பது. மூன்றாவது, முழுப் பிடிப்பு வர எவ்வளவு நேரம் என்பது. தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்வது வேறு, உள்ளே முழுதாக இறுகுவது வேறு. பெரும்பாலான நிரந்தரப் பசைகள் 24 மணி நேரம் கேட்கும், சில 72 மணி நேரம் வரை கேட்கும். அதற்குள் தண்ணீர் படக்கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காற்றில் ஈரம் கனத்திருக்கும் நாட்களில் தண்ணீர்ப் பசைகள் இன்னும் மெதுவாகக் காயும். லேபிளில் சொன்னதோடு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

தீச்சுடர் படம் போட்டிருந்தால் எரியும் தன்மையுள்ளது. உலர் சலவை பற்றி எதுவும் சொல்லவில்லையென்றால் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பயன்படும் கரைப்பான்கள் பல பசைகளை இளக்கிவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள். பல நாள் அலமாரியில் கிடந்த திரவப் பசை கட்டி கட்டியாக வரும்.

வாங்கியதும் பில்லையும் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். அட்டையை வெட்டி, சோதித்த துணித் துண்டோடு சேர்த்து ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள். மறுபடி வாங்கும்போது எது என்று தேட வேண்டியதில்லை.

5. துண்டுத் துணியில் சோதியுங்கள்

நீங்கள் தைக்கப்போகும் அதே துணியில் மூன்று அங்குலச் சதுரங்கள் சில வெட்டிக்கொள்ளுங்கள். வேலையில் எப்படி ஒட்டுவீர்களோ அப்படியே ஒட்டி, நடுவில் ஒரு தையலும் போடுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்புத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, வெயிலில் போட்டு, இஸ்திரி போடுங்கள். இதை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள்.

பிறகு துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் கறை இருக்கிறதா? விரலால் உருட்டிப் பார்த்தால் விறைப்பு தெரிகிறதா? தற்காலிகப் பசை என்றால் தடமே இருக்கக் கூடாது. நிரந்தரப் பசை என்றால் ஓரம் பெயர்ந்திருக்கக் கூடாது. இந்தச் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். கெட்டுப்போன ஒரு போர்வையைப் பிரிக்க ஆகும் நேரத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

6. கில்ட்டின் மூன்று அடுக்கை ஒட்டுவது

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் பேப்பர் டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். துணி இறுக்கமாக இருக்கலாம், இழுபட்டிருக்கக் கூடாது. அதன்மேல் பஞ்சு விரிப்பை வைத்துப் பாதிவரை சுருட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பசை என்றால் பாட்டில் மூக்கிலிருந்து நூல் பருமனில், கையகல இடைவெளியில், அடித்துணியின் மேல் வளைந்து வளைந்து கோடு இழுத்துக்கொண்டே போங்கள். இடத்துக்கு இடம் குளம் கட்டக் கூடாது. மூக்கு பெரிதாக இருந்தால் மெல்லிய முனையுள்ள கோன் வாங்கிப் பொருத்துங்கள். பஞ்சு விரிப்பைச் சிறிது சிறிதாக அவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிடுங்கள். மற்ற பாதியையும் இப்படியே முடித்துவிட்டு மேல்துணியை அதேபோல ஒட்டுங்கள். அவசரம் இல்லையென்றால் இரவு முழுதும் காயட்டும். அவசரம் என்றால் நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் மேல்துணிப் பக்கம் அழுத்தி அழுத்தி எடுக்கலாம். நடுவில் இருப்பது பாலியஸ்டர் பஞ்சு என்றால் மிதமான சூடு மட்டும். அதிகமானால் பஞ்சு உருகித் தட்டையாகிவிடும்.

தெளிப்புப் பசை என்றால் பஞ்சு விரிப்பின் மேல்தான் தெளிக்க வேண்டும், துணியின் மேல் வேண்டாம். ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து லேசாகத் தெளியுங்கள். சுற்றிலும் பழைய செய்தித்தாள் விரிக்காவிட்டால் மறுநாள் தரை காலில் ஒட்டும். தையல் இயந்திரம் அந்த அறையில் இருந்தால் மூடிவிடுங்கள்.

அறுகோணத் துண்டுகளைக் காகித அச்சில் மடித்துக் கையால் தைப்பவர்களுக்குப் பசைக் குச்சி பெரிய வரம். ஒவ்வொரு துண்டுக்கும் நூலோட்டம் போடும் வேலையே மிச்சம். காகிதத்தின் விளிம்பை ஒட்டிப் பூசாமல், நூல் பருமன் அளவாவது உள்ளே தள்ளிப் பூசுங்கள். இல்லாவிட்டால் கை ஊசி பசையில் சிக்கிச் சிக்கி வரும். ஒரு சிறு தீற்றல் போதும். ஆறு பக்கமும் அடுத்த துண்டுகள் தைக்கப்பட்ட பிறகே காகிதத்தை எடுக்க வேண்டும். வர மறுத்தால் பிடுங்காமல், ஈரத் துணியால் ஒற்றி, சற்று நேரம் விட்டு எடுங்கள்.

மதராஸ் கட்டம் போட்ட துணியில் கோடும் கோடும் சேர வேண்டிய இடத்தில் குண்டூசி கொஞ்சமாவது நகர்த்திவிடும். அங்கே தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் பசைக் குச்சியால் ஒரு தொடல் வைத்து, கோட்டைப் பொருத்தி, இஸ்திரிப் பெட்டியை இரண்டு விநாடி வையுங்கள். தைத்து முடித்துத் திருப்பினால் கட்டம் முறியாமல் ஓடும். ஓரப்பட்டியின் நான்கு மூலைகளுக்கும் இதே வழி.

7. இஸ்திரிப் பசையைக் கையாள்வது

அப்ளிக் வேலைக்கு, அதாவது துணியின் மேல் துணியை வடிவமாக வெட்டிப் பதிப்பதற்கு, காகிதம் ஒட்டிய இஸ்திரிப் பசை மிக வசதி. பிளவுஸ் கழுத்துக்கு வைக்கும் கேன்வாஸ் இதன் உறவுதான். அதில் ஒரு பக்கம் மட்டும் பசை இருக்கும், இதில் இரண்டு பக்கமும் ஒட்டும். தையல் சாமான் கடையில் கேட்கும்போது, காகிதம் ஒட்டியது, இரண்டு பக்கமும் ஒட்டுவது என்று சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ஒட்டும் கேன்வாஸ் என்றால் வேறு பொருளைக் கொடுத்துவிடுவார்கள்.

மேலே தையல் போடுவதென்றால் லேசான வகைதான் வேண்டும். ஹீட்-என்-பாண்ட் பெயரில் லைட் என்றும் அல்ட்ராஹோல்ட் என்றும் இரண்டு வருகின்றன. லைட் தைக்கத் தக்கது. அல்ட்ராஹோல்ட் தையலே தேவைப்படாத வேலைக்கானது. கெட்டியான அந்த வகைமேல் இயந்திரத்தை ஓட்டினால் ஊசி பிசுபிசுத்து, நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அடுத்த பொறி, வடிவம் தலைகீழாக வருவது. காகிதப் பக்கத்தில் நீங்கள் வரைவது, துணியில் வலம் இடமாக மாறித்தான் விழும். பூவுக்கும் இலைக்கும் பெரிதாகத் தெரியாது. குழந்தையின் பெயரைப் போர்வையில் பதிக்கும்போது 'ழ' எழுத்தின் சுழி தப்பான பக்கம் பார்த்து நின்றால் திருத்த வழியில்லை. பெயரை மெல்லிய தாளில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பின்பக்கம் தெரிவதை அப்படியே பசைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதைத் தோராயமாக வெட்டி, துணியின் உள்பக்கத்தில் ஒட்டி, பிறகு கோட்டின்மேல் வெட்டி, ஆறியதும் காகிதத்தை உரித்து, போர்வைத் துணிமேல் வைத்து மறுபடி அழுத்த வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் வடிவம் நகரும். நேரம் வகைக்கு வகை மாறும்: சிலவற்றுக்கு இரண்டு விநாடி போதும், சிலவற்றுக்குப் பத்துக்கும் மேல் வேண்டும். லேபிள் சொன்னதைத் தாண்டிச் சூடு கொடுத்தால் பசை துணிக்குள் இறங்கிப் பிடிப்பே போய்விடும். பெட்டிக்கும் துணிக்கும் நடுவே பட்டர் பேப்பர் ஒன்றைப் போட்டுக்கொண்டால் பெட்டியின் அடியில் பசை அப்பாது.

ஒட்டி முடித்த வடிவத்தின் ஓரங்களில் ஜிக்ஜாக் தையலோ, கையால் காஜா தையலோ கட்டாயம் போடுங்கள். துவைக்காத சுவர் அலங்காரம் என்றால் மட்டும் விடலாம். படுக்கைப் போர்வையில் தையலில்லாத ஓரம் துவைக்கத் துவைக்கப் பிசிறடித்து எழும்.

8. கல், கண்ணாடி, லேஸ்

ஆரி வேலை செய்பவர்களைக் கவனித்தால் பசையின் சரியான இடம் புரியும். குந்தன் கல்லை முதலில் துணிப் பசையால் நிறுத்துவார்கள். பசை இறுகிய பிறகு சுற்றிலும் ஜரிகை நூலால் சங்கிலித் தையல் போட்டுக் கட்டிவிடுவார்கள். கல்லை இடத்தில் வைப்பது பசை, காலம் முழுதும் பிடித்திருப்பது நூல். உங்கள் வேலையிலும் முடிந்த இடமெல்லாம் இதையே பின்பற்றுங்கள்.

நூல் போட முடியாத கல்லுக்கு, பல் குத்தும் குச்சியின் நுனியில் பசையை எடுத்து, கல் அழுத்தும்போது ஓரத்தில் ஒரு மெல்லிய வரம்பு எட்டிப் பார்க்கும் அளவுக்கு வையுங்கள். குறைந்தால் கல் உதிரும், கூடினால் பளபளப்பான கறை நிற்கும். பிளவுஸின் மறுபக்கம் ஊறி லைனிங்கோடு ஒட்டாமலிருக்க, உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை நுழைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைகளின் போர்வையிலும் உடையிலும் கல், மணி, பட்டன் எதையும் பசையால் ஒட்டாதீர்கள். பெயர்ந்து வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

9. இயந்திரத்தைக் காப்பாற்றுங்கள்

பசை முழுதாகக் காயும் முன் ஊசியை ஓட்டக் கூடாது. தாவும் தையல், அறுபடும் நூல், ஊசி துணியோடு மேலெழும் சத்தம் மூன்றும் ஊசியில் பசை ஏறியதன் அடையாளம். ஊசியைக் கழற்றி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் மாட்டுங்கள். 14-ஆம் எண் ஊசியில் தொல்லை தொடர்ந்தால் 16-க்கு மாறிப் பாருங்கள். பெரிய ஓட்டையில் நூல் உரசாமல் போகும். அலுவலக உபயோகத்துக்கான இருபக்க டேப்பை ஜிப்புக்கு அடியில் வைத்துத் தைக்காதீர்கள். அந்தப் பிசின் துவைத்தாலும் போகாது. கழுவினால் கரையும் டேப் தனியாகக் கிடைக்கிறது.

10. கறை பட்டுவிட்டால்

தண்ணீர்ப் பசை ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரில் அலசினால் போய்விடும். காய்ந்த பள்ளிப் பசையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். கெட்டிப் பசைக்கு அசிட்டோன் வேண்டும். துணி பருத்தி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், உள்ஓரத்தில் சோதித்த பிறகு. எந்தக் கறையாக இருந்தாலும் அது போவதற்கு முன் இஸ்திரி போட்டால் கறை அங்கேயே தங்கிவிடும்.

11. செலவும் நேரமும்

தொடங்கும்போது எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். சிறிய பசைக் குச்சி ஐம்பது ரூபாய்க்குள் முடியும். அதோடு துவைத்தால் போகும் ஒரு பாட்டில் பள்ளிப் பசை இருந்தால் முதல் போர்வையைத் தாராளமாக முடித்துவிடலாம். கல் வேலை வரும்போது துணிப் பசை வாங்கிக்கொள்ளலாம். சிறிய பாட்டிலே போதும், திறந்தது நாளாக ஆகக் கெட்டியாகும். துணிக்கான பசைப் பேனாவும் அதன் மாற்றுக் குச்சிகளும் சில நூறு ரூபாய் ஆகும். இறக்குமதித் தெளிப்புப் பசை ஆயிரத்தைத் தாண்டும். அடிக்கடி பெரிய போர்வை தைப்பவர்களுக்கே அது கட்டும்.

பரிசுக்காகத் தைக்கிறீர்கள் என்றால் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பசைச் சோதனைக்கு மூன்று நாள், அடுக்குகள் ஒட்டிக் காய ஓர் இரவு, நிரந்தரப் பசை ஏதும் இருந்தால் இறுக மூன்று நாள். தைத்து முடித்த பிறகு துவைத்துக் காயவைக்க இன்னும் இரண்டு நாள், மழைக்காலம் என்றால் நான்கு நாள். அந்தக் கடைசித் துவைப்பை விட்டுவிடாதீர்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் பசையெல்லாம் அதில்தான் வெளியேறும். எந்தத் தையல் விட்டிருக்கிறது என்பதும் உங்கள் கண்ணுக்கே முதலில் தெரியும்.